ஆர்ச்சி காக்ரேன்

ஆர்ச்சிபால்ட் லீமன் காக்ரேன் (ஜனவரி 12, 1909 – ஜூன் 18, 1988) ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவரும் நோய்ப்பரவலியல் அறிஞரும் ஆவார். பொதுவாக ஆர்ச்சி காக்ரேன் என அழைக்கப்படுகிறார். மருத்துவ முறைகள் முறையான சோதனைகளால் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியவர் என்ற வகையில் இவர் உலகெங்கும் அறியப்படுகிறார். இவரது பெயரைத் தாங்கிய காக்ரேன் அமைப்பு இன்றும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு வருகிறது.

ஆயினும் காக்ரேன் தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டது நுரையீரல் நோய்களின் மீதே ஆகும். நடுவயதினரிடமும் முதியோரிடமும் நாட்பட்ட நுரையீரல் நோய் எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்ற வினாவுக்கு மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு விடை காண இயலாது என்பதை இவரும் இவருடைய குழுவினரும் வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்களில் செய்து காட்டினர். ஓர் ஊரின் மக்கள் அனைவரையும், நலமாக இருப்போர் உட்பட, ஒரே முறையில் ஆராய வேண்டும் என்பது இவர்களுடைய வழி.

இளமையும் கல்வியும்

காக்ரேன் ஸ்காட்லாந்தின் கலாசீல்ஸ் நகரில், கம்பளித் துணி உற்பத்தியில் ஈடுபட்டிருந்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். இவருடைய தந்தை முதலாம் உலகப்போரில், 1917 ஆம் ஆண்டு காசாவில் நடந்த சண்டையில் உயிரிழந்தார். அப்போது காக்ரேனுக்கு வயது எட்டு. அப்பிங்காம் பள்ளியில் படித்த பின்னர் உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு இயற்கை அறிவியலில் 1930 ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறினார்.

சிறிது காலம் திசு வளர்ப்பு ஆய்வில் ஈடுபட்ட பின்னர், உளப்பகுப்பாய்வாளர் தியோடர் ரைக் என்பவரிடம் சிகிச்சை பெறவும் கற்கவும் பெர்லின் சென்றார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததால் ரைக் இடம் பெயர நேர்ந்தது. காக்ரேனும் அவரைத் தொடர்ந்து வியன்னாவுக்கும் பின்னர் ஹேக் நகருக்கும் சென்றார். இக்காலத்தில் இவருக்கு மூன்று பயன்கள் கிடைத்தன: ஜெர்மன் மொழியறிவு, பாசிசத்தின் மீதான உறுதியான வெறுப்பு, மெய்ப்பிக்கப்படாத மருத்துவக் கொள்கைகளின் மீதான ஐயம். 1934 இல் லண்டன் திரும்பி யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார்.

இரு போர்கள்

1936 இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது காக்ரேன் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, குடியரசுத் தரப்புக்கு உதவச் சென்ற பிரித்தானிய மருத்துவக் குழுவில் இணைந்தார். 1937 இல் திரும்பி வந்து அடுத்த ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். தேசிய சுகாதாரச் சேவை வேண்டி நடைபெற்ற ஓர் ஊர்வலத்தில், பயன் தரும் மருத்துவம் யாவும் இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்ற பொருள்பட எழுதிய பதாகையை ஏந்திச் சென்றதாகப் பின்னாளில் நினைவு கூர்ந்துள்ளார். பயன் தரும் என்ற சொல்லை மற்றவர்கள் அன்று கவனிக்கவில்லை. பிற்காலத்தில் இவருடைய பணி முழுவதும் அச்சொல்லைச் சுற்றியே அமைந்தது.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய இராணுவ மருத்துவப் படையில் பணியாற்றிய காக்ரேன், 1941 ஜூன் மாதம் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அடுத்த நான்கு ஆண்டுகள் போர்க்கைதிகளின் மருத்துவராக இருந்தார். கிரேக்கத்தின் சலோனிகா முகாமில் கைதிகளுக்குக் கால்கள் வீங்கத் தொடங்கின. உணவுச்சத்துக் குறைவே காரணம் எனக் கருதிய காக்ரேன், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்டும் மற்றவர்களுக்கு வைட்டமின் சி-யும் கொடுத்து இரு குழுக்களையும் ஒப்பிட்டார். ஈஸ்ட் பெற்றவர்கள் தேறினர். இம்முடிவைக் காட்டி முகாம் அதிகாரிகளிடமிருந்து கூடுதல் ஈஸ்ட் பெற முடிந்தது. இச்சோதனை மிகச் சிறியது, குறைபாடுகள் உடையது என்று பின்னர் அவரே மதிப்பிட்டார்.

பின்னர் ஜெர்மனியின் எல்ஸ்டர்ஹார்ஸ்ட் முகாமில் காசநோய் கண்ட கைதிகளைக் கவனிக்கும் பொறுப்பு இவருக்கு வந்தது. அங்கு ஓர் இரவில் சாகும் தறுவாயில் இருந்த இளம் சோவியத் வீரர் ஒருவர் கொண்டுவரப்பட்டார். அவருடைய இரு நுரையீரல்களும் பெரிதும் சிதைந்திருந்தன. அவர் இடைவிடாது அலறினார். வலியைக் குறைக்க மார்பின் கையிருப்பில் இல்லை. அவருடைய மொழியும் மருத்துவருக்குத் தெரியாது. செய்வதறியாத காக்ரேன் கட்டிலில் அமர்ந்து அவரை அணைத்துக்கொண்டார். அலறல் உடனே நின்றது. சில மணி நேரத்தில் அவர் அமைதியாக உயிர் நீத்தார். அலறலுக்குக் காரணம் நுரையீரல் உறை அழற்சி என்று தாம் எண்ணியது தவறு, தனிமையே காரணம் என்று காக்ரேன் உணர்ந்தார்.

காசநோய்க்கு அன்று வழக்கில் இருந்த சிகிச்சைகளில் எது பலன் தருகிறது, எது தீங்கு செய்கிறது என்பதற்குச் சான்று எதுவும் தம்மிடம் இல்லை என்ற எண்ணம் முகாமில் இவரைத் தொடர்ந்து வாட்டியது.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் தூசு நோயும்

போர் முடிந்தபின் லண்டன் நலவியல் மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் பயின்றார். அங்கு புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்பவரின் விரிவுரைகள் இவரைப் பெரிதும் ஈர்த்தன. நோயாளிகளைக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து மருந்தின் பயனை அளக்கும் முறையை இவரிடமே காக்ரேன் கற்றார். இம்முறையில் நடந்த ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்ச் சோதனையின் முடிவுகள் 1948 இல் வெளியாயின. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஓராண்டு எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்துவிட்டுத் திரும்பிய காக்ரேன், 1948 இல் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தூசு நோய் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். கார்டிஃப் நகருக்கு அருகே லான்டாக் மருத்துவமனையில் அமைந்திருந்த இப்பிரிவின் இயக்குநராக அப்போது சார்ல்ஸ் ஃபிளெட்சர் இருந்தார்.

நிலக்கரித் தூசைப் பல ஆண்டுகள் சுவாசிப்பதால் நுரையீரலில் தூசு படிந்து தழும்புகள் உண்டாகும் நோய் நியூமோகோனியோசிஸ் எனப்படுகிறது. தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. பிரித்தானியாவில் 1943 முதல் நிலக்கரித் தொழிலாளருக்கு இந்நோய்க்கான இழப்பீடு விரிவாக்கப்பட்டது. ஆனால் அன்றைய விதிப்படி நோய் உள்ளவர் எனச் சான்று பெற்றவர் சுரங்க வேலையை விட்டு விலக வேண்டியிருந்தது. சுரங்கத்தைத் தவிர வேறு வேலை இல்லாத பள்ளத்தாக்குகளில் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு வேலையிழந்தனர். ஆகவே எத்தனை பேருக்கு நோய் உள்ளது, எந்த நிலையில் அது உடலுழைப்பைப் பாதிக்கிறது ஆகிய வினாக்கள் குடும்பங்களின் பிழைப்போடு நேரடியாகப் பிணைந்திருந்தன.

அளவீட்டில் பிழை

நோயாளரைக் கணக்கிடும் முன் கணக்கிடும் கருவி சரியாக இருக்க வேண்டும். ஒரே எக்ஸ்-கதிர்ப் படத்தை இரு மருத்துவர்கள் வெவ்வேறாக வாசிப்பதையும், ஒரே மருத்துவர் வேறொரு நாளில் வேறு விதமாக வாசிப்பதையும் கார்டிஃப் குழுவினர் கண்டனர். இதனைக் குறைக்க மாதிரிப் படங்களை வைத்து ஒப்பிட்டு, நோயின் நிலைகளை வகைப்படுத்தினர்.

நோயாளியிடம் கேட்டறியும் செய்திகளிலும் இதே சிக்கல் இருந்தது. 1951 இல் காக்ரேன் தம் உடன் ஆய்வாளர்கள் இருவருடன் வெளியிட்ட கட்டுரை இதனை வெளிப்படுத்தியது. இருமல், சளி, மூச்சுத்திணறல் ஆகியவை உள்ளனவா என்று வெவ்வேறு மருத்துவர்கள் சுரங்கத் தொழிலாளரிடம் கேட்டபோது, ஆம் என்ற விடையின் விழுக்காடு மருத்துவருக்கு மருத்துவர் பெரிதும் வேறுபட்டது. தொழிலாளர் குழுக்களிடையே பெரிய வேறுபாடு இல்லாத நிலையில், கேட்டவரைப் பொறுத்தே விடை மாறியது. இவ்வாறு கிடைக்கும் எண்களைக் கொண்டு ஓர் ஊரில் நோய் மிகுதி, மற்றோர் ஊரில் குறைவு என்று கூற இயலாது.

இதற்குத் தீர்வாக, வினாக்களின் சொற்களை மாற்றாமல் அப்படியே வாசிக்கும் பொது வினாப்பட்டியல் தேவைப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் மூச்சு நோய் அறிகுறிகளுக்கான அத்தகைய பட்டியலை 1960 இல் வெளியிட்டது. ஆண்டுக்கு மூன்று மாதங்களாவது பெரும்பாலான நாள்களில் சளி வருகிறதா என்று கேட்கும் வினாவும், நடக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறலைப் படிநிலைகளாகப் பிரிக்கும் வினாக்களும் இதில் இடம்பெற்றன. மூச்சுத்திணறல் படிநிலையின் திருத்திய வடிவம் இன்றும் உலகெங்கும் மருத்துவர்களால் பயன்படுத்தப்படுகிறது.

இரு பள்ளத்தாக்குத் திட்டம்

சாதாரணத் தூசு நோயில் நுரையீரலில் சிறு புள்ளிகள் மட்டுமே தோன்றும். சிலருக்கு அது முற்றிப் பெரிய தழும்புத் திரள்களாக மாறி உயிருக்கே ஆபத்தாகும். தூசோடு காசநோய்க் கிருமியும் சேர்வதாலேயே இந்தக் கடும் நிலை தோன்றுகிறது என்ற எடுகோள் அக்காலத்தில் வலுவாக இருந்தது. இதனைச் சோதிக்க 1950 இல் காக்ரேன் தொடங்கியதே இரு பள்ளத்தாக்குத் திட்டம் ஆகும்.

ரோந்தா வாக் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, காசநோயைப் பரப்பக்கூடியவர்களைக் கண்டறிந்து மருத்துவமனையில் சேர்ப்பது, அருகிலுள்ள அபர்டேர் பள்ளத்தாக்கில் அவ்வாறு செய்யாமல் விடுவது, சில ஆண்டுகளுக்குப் பின் இரண்டிலும் கடும் நிலைத் தூசு நோய் புதிதாகத் தோன்றும் வீதத்தை ஒப்பிடுவது என்பது திட்டம்.

இதற்காக ரோந்தா வாக்கில் வயது வந்தோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குப் படம் எடுக்கப்பட்டது. வேலை செய்ய முடியாத முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களையே காக்ரேன் களப்பணியாளர்களாக அமர்த்தினார். ஊரார் இவர்களை நம்பினர். வர மறுத்தவர்களின் வீடுகளுக்கு இவர்களும் காக்ரேனும் மீண்டும் மீண்டும் சென்றனர். மறுப்பவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்பது இவ்விடாமுயற்சிக்குக் காரணம். படுக்கையில் கிடப்பவரும் வர மாட்டார். நல்ல உடல்நலத்தோடு வேலைக்குப் போகிறவரும் வர மாட்டார். இவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் நோயின் அளவு கூடியோ குறைந்தோ தோன்றும்.

திட்டத்தின் முதன்மை வினாவுக்கு எதிர்பார்த்த தெளிவான விடை கிடைக்கவில்லை. புதிய மருந்துகளால் காசநோய் எங்கும் குறையத் தொடங்கியிருந்தது. இருப்பினும் காசநோய் எடுகோள் வலுவிழந்தது. மக்கள் தொகை முழுவதையும் ஆய்வுக்கூடத்துக்கு நிகரான துல்லியத்தோடு ஆராய முடியும் என்பது இத்திட்டத்தின் நிலையான பயனாக அமைந்தது.

நாட்பட்ட நுரையீரல் நோயின் பரவல்

சுரங்கத் தொழிலாளரின் மூச்சுத்திணறலுக்கு எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும் தூசு மட்டும் காரணம் அன்று என்பதும் இவ்வாய்வுகளில் புலப்பட்டது. படத்தில் சிறிதளவே தூசு தெரிந்த பலர் கடும் மூச்சிரைப்பால் துன்புற்றனர்; படம் மோசமாக இருந்த சிலர் இயல்பாக நடமாடினர். அக்காலப் பிரித்தானியாவில் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி, சுரங்கத்தைக் காணாதவர்களிடமும் பரவலாக இருந்தது. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டத்தில் சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்ததாக அன்று மதிப்பிடப்பட்டது. இறந்தவர்களில் பலர் ஏற்கெனவே இத்தகைய நோய் கொண்ட முதியோர்.

எனவே சுரங்கத் தொழிலாளரை மற்றவர்களோடு ஒப்பிட வேண்டிய தேவை எழுந்தது. காக்ரேன், இயான் ஹிக்கின்ஸ், பீட்டர் ஓல்ட்ஹாம், ஜான் கில்சன் ஆகியோர் லங்காஷயரின் லீ நகரில் 55 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களை ஆராய்ந்து 1956 இல் முடிவுகளை வெளியிட்டனர். அடுத்து டார்பிஷயரின் ஸ்டேவ்லி நகரில் சுரங்கத் தொழிலாளர், வார்ப்பாலைத் தொழிலாளர், தூசற்ற வேலை செய்வோர் ஆகியோரிடையே 25–34 வயதினரும் 55–64 வயதினரும் ஆராயப்பட்டு, முடிவுகள் 1959 இல் வெளியாயின. ரோந்தா வாக்கில் 1958 இல் நடந்த ஆய்வில் ஆண்களோடு பெண்களும் சேர்க்கப்பட்டனர்.

இவ்வாய்வுகளில் மக்கள்தொகைப் பட்டியலிலிருந்து சமவாய்ப்பு முறையில் ஆள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒவ்வொருவரிடமும் ஒரே வினாக்கள் கேட்கப்பட்டன. முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதச் செய்து, முதல் முக்கால் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு குறிக்கப்பட்டது. மூச்சுக்குழல்கள் குறுகியிருந்தால் காற்று மெதுவாகவே வெளிவரும் என்பதால், நோயாளி தம் நோயை உணராத நிலையிலும் இவ்வளவு அதைக் காட்டிக்கொடுக்கும். பின்னாளில் ஒரு நொடியில் வெளிவரும் காற்றின் அளவே உலகப் பொது அளவாயிற்று.

இளைஞரைவிட 55 வயது கடந்தோரிடம் அறிகுறிகளும் காற்றோட்டக் குறைவும் மிகுதி என்பதும், புகைபிடிப்போரிடம் இவை கூடுதல் என்பதும், சுரங்கத் தொழிலாளரிடம் மற்றவரைவிட அதிகம் என்பதும் தெரியவந்தன. நாட்பட்ட நுரையீரல் நோய் முதுமையின் இயல்பான விளைவு என்று விட்டுவிடத்தக்கது அன்று. அது தொழிலோடும் புகையோடும் சேர்ந்து கூடிக் குறையும் ஒன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

கார்டிஃப் ஆண்டுகள்

1960 இல் காக்ரேன் வேல்ஸ் தேசிய மருத்துவக் கல்லூரியில் காசநோய் மற்றும் மார்பு நோய்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். கார்டிஃபில் அமைந்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நோய்ப்பரவலியல் பிரிவுக்கும் இயக்குநரானார். இரத்தசோகை, கண் அழுத்த நோய் முதலியவற்றின் பரவலும் இப்பிரிவில் ஆராயப்பட்டது. மாரடைப்பு கண்டவர்களிடம் ஆஸ்பிரின் இறப்பைத் தடுக்குமா என்பதை ஆராய்ந்த முதல் சமவாய்ப்புச் சோதனை பீட்டர் எல்வுட் தலைமையில் இங்கு நடைபெற்று 1974 இல் வெளியாயிற்று.

ரோந்தா வாக் ஆண்களை காக்ரேன் கைவிடவில்லை. 1950களின் தொடக்கத்தில் படம் எடுக்கப்பட்டவர்களில் அநேகமாக அனைவரையும் 20 ஆண்டுகளுக்குப் பின் தேடிக் கண்டறிந்து, யார் உயிரோடு உள்ளனர், யார் எதனால் இறந்தனர் என்று பதிவு செய்தனர். சாதாரணத் தூசு நோய் மட்டும் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறக்கவில்லை என்பதும், பெரிய தழும்புத் திரள்கள் கொண்டவர்களே கூடுதலாக இறந்தனர் என்பதும் இதில் தெரிந்தது.

விளைதிறன் பற்றிய நூல்

1972 இல் காக்ரேன் எழுதிய விளைதிறனும் செயல்திறனும் என்ற பொருளுடைய சிறிய நூல் வெளியாயிற்று. பிரித்தானிய தேசிய சுகாதாரச் சேவையில் வழங்கப்படும் பல சிகிச்சைகளுக்குப் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. நிதி வரம்புக்குட்பட்டதாகையால் சமவாய்ப்புச் சோதனைகளில் தேறிய சிகிச்சைகளுக்கே அது செல்ல வேண்டும். அவை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பன இந்நூலின் கருத்துகள். பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட இந்நூல் இவருக்குப் பெரும்புகழ் தந்தது. 1979 இல் எழுதிய ஒரு கட்டுரையில், சோதனைகளின் முடிவுகளைத் துறைவாரியாகத் தொகுத்து அவ்வப்போது புதுப்பிக்கும் ஏற்பாடு மருத்துவ உலகில் இல்லாததைக் குறைகூறினார்.

இறுதிக்காலம்

காக்ரேன் 1972 இல் சமுதாய மருத்துவத் துறை அறிஞர் அமைப்பின் முதல் தலைவரானார். 1974 இல் ஆய்வுப் பிரிவின் இயக்குநர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். இவருக்குப் போர்ஃபிரியா என்னும் அரிய பரம்பரை நோய் இருந்தது. அதனை அறிந்ததும் தம் உறவினர் அனைவரையும் தேடித் தொடர்புகொண்டு, நோயைச் சுமப்பவர்கள் யார் எனக் கண்டறிய முயன்றார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1988 ஜூன் 18 அன்று புற்றுநோயால் காலமானார். மாக்ஸ் பிளைத் என்பவரோடு சேர்ந்து எழுதிய தன்வரலாறு அடுத்த ஆண்டில் வெளியாயிற்று.

தாக்கம்

இவருடைய 1979 ஆம் ஆண்டு அறைகூவலை ஏற்று, இயான் சால்மர்ஸ் 1992 இல் ஆக்ஸ்ஃபோர்டில் காக்ரேன் மையத்தையும், 1993 இல் பிறநாட்டு அறிஞர்களுடன் காக்ரேன் அமைப்பையும் நிறுவினார்.

நுரையீரல் நோய்ப் பரவல் ஆய்வில் வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் முறை உலகெங்கும் சென்றது. நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும், காற்றறைகள் சிதையும் எம்ஃபைசிமாவும் இன்று நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்ற பொதுப்பெயரில் அடக்கப்படுகின்றன. இலத்தீன் அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில் 40 வயதுக்கு மேற்பட்டோரை வீடுவீடாகச் சென்று ஆராய்ந்த பிளாட்டினோ ஆய்வின் முடிவுகள் 2005 இல் வெளியாயின. இந்நோய் மெக்சிகோ நகரில் 7.8 விழுக்காட்டினருக்கும் மான்டிவிடியோவில் 19.7 விழுக்காட்டினருக்கும் இருந்தது. 2007 இல் வெளியான போல்டு ஆய்வு 12 இடங்களில் 40 வயது கடந்தோரின் மூச்சை அளந்தது. நடுநிலை அல்லது அதற்கு மேற்பட்ட நோய் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது 10.1 விழுக்காட்டினருக்கு, இருந்தது. ஆண்களில் இது 11.8 ஆகவும் பெண்களில் 8.5 ஆகவும் இருந்தது. இத்தகைய ஆய்வுகளில் நோய் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் எந்த மருத்துவரும் அந்நோய் இருப்பதாகக் கூறியிருக்கவில்லை. புகைபிடிக்காதவர்களிடமும் நோய் காணப்பட்டது. விறகடுப்புப் புகை, தொழிலிடத் தூசு, சிறுவயதில் கண்ட நுரையீரல் நோய்கள் ஆகியன அதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021 இல் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இறந்தனர். எண்ணப்படாத நோயாளருக்கு மருத்துவமும் இழப்பீடும் சென்று சேர்வதில்லை. அவர்களை வீட்டு வாசலுக்கே சென்று எண்ணும் முறையை வகுத்தவர்களுள் ஒருவராக காக்ரேன் நோய்ப்பரவலியல் வரலாற்றில் இடம்பெறுகிறார்.